பேப்பர் வாசிக்கும் பிள்ளை

எங்கள் அப்பாவின் ஐந்தாம் வகுப்பில், முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் இன்னொரு பரீட்சை உண்டு. ஊரில் டீக்கடைக்கு மட்டும்தான் அப்போது தினமணி வரும். முந்தின நாள் இரவே அதைக் கேட்டு வாங்கி வந்துவிடுவார். டீக்கறை படிந்து, மடிப்பில் கிழிந்து இருக்கும். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஏதாவது ஒரு பத்தியில் விரலை வைத்து, "வாசி" என்பார். பாடப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற பிள்ளை பேப்பரில் மாட்டிக்கொள்ளும். "நாடாளுமன்றம்" என்ற சொல்லில் திக்கினால் அவருக்குக் குறையில்லை. எழுத்துக்கூட்டி அக்கரை போய்ச் சேர்ந்தால் போதும். சேராதவர்கள் அடுத்த ஜூனில் மறுபடி அதே பலகையில் உட்கார வேண்டியதுதான்.

1970 ஏப்ரலில் நானும் அவர் முன்னால் நின்றேன். எனக்கு அவர் விரல் வைத்தது ஏதோ ஓர் அணையின் நீர்மட்டச் செய்தியில். 'கனஅடி' என்பதைக் 'கனவடி' என்று வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்து, நீளம் ஓரடி, அகலம் ஓரடி, உயரம் ஓரடி என்று குறித்து, அதற்குள் எத்தனை குடம் தண்ணீர் கொள்ளும் என்று கேட்டு, கனஅடி என்றால் என்னவென்று எல்லோருக்கும் விளங்கிய பிறகுதான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

தென்காசிப் பக்கத்து ஊர். பள்ளிக்கூடம் உதவி பெறும் தொடக்கப் பள்ளி. அரசு மானியம் கொடுக்கும், பள்ளி தனியார் ஒருவருடையது. அவரை ஊரே 'மேனேஜர்' என்று கூப்பிடும். ஆசிரியர்களின் சம்பளம் அவர் கை வழியாகத்தான் வரும். அப்பா ஸ்டாம்பு ஒட்டி ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போடுவார். கையில் வாங்குவது வேறொரு தொகை. இரண்டுக்கும் நடுவில் அரை மூட்டை நெல்லின் விலை இருக்கும். அந்தக் காலத்து உதவி பெறும் பள்ளி ஆசிரியர் வீடுகளில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேரிடம் இதே கதை இருக்கும். அறுவடை வந்தால் மேனேஜர் வீட்டுக் களத்தில் நெல் அளக்கும்போது கணக்கு எழுத வாத்தியார்தான் போக வேண்டும். மாட்டேன் என்றால் நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். காகிதத்தில் விதிகள் இருந்தன. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலி அலுவலகத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏற முடியும் நான்கு பிள்ளைகளை வைத்திருக்கிற வாத்தியாரால்?

மேனேஜரின் தங்கை பேரன் என் வகுப்பில்தான் படித்தான். பேப்பரில் முதல் வரியைத் தாண்டவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் மேனேஜர் வீட்டு ஆள் வந்தார்.

"வாத்தியாரே, பையன ஏத்தி விட்டுரும்னு அய்யா சொல்லச் சொன்னாவ."

"வாசிக்க மாட்டேங்கானே."

"வாசிச்சு என்ன கலெக்டர் உத்தியோகமா பாக்கப் போறான்? ஏத்தி விடும்."

அப்பா ஏற்றிவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை; அம்மா சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அந்தப் பையன் எங்களோடு ஆறாம் வகுப்புக்கு வந்தான், ஏழில் நின்றுபோனான்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1974இல் நடைமுறைக்கு வந்தது. விசாரணை இல்லாமல், கல்வித்துறையின் முன் அனுமதி இல்லாமல் ஓர் ஆசிரியரை நிர்வாகம் வெளியே அனுப்ப முடியாது என்று ஆயிற்று. இடைநீக்கம் செய்தாலும் அதற்கு மாதக்கணக்கில் வரம்பு. அப்பா அந்தச் சட்டத்தைப் பற்றி வீட்டில் ஒரு தடவைகூடப் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை. ஆனால் களத்துக்குக் கணக்கு எழுதப் போவதை நிறுத்தினார்.

1977இல் அதே வீட்டின் இளைய பையன் ஐந்தாம் வகுப்பில் பேப்பர் முன்னால் நின்றான். அண்ணன் நின்ற அதே இடத்தில் இவனும் நின்றான். இந்தத் தடவை ஆள் வரவில்லை. மேனேஜரே வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார்.

"வேலைய விட்டு எடுக்க முடியாதுங்க தைரியத்துல சட்டம் பேசுதீரோ?"

"சட்டம் பேசலய்யா. பையன் வாசிக்கலைங்கதச் சொல்லுதேன்."

அப்பா உள்ளே போய்ப் பேப்பரை எடுத்து வந்து, பையனைக் கூட்டிவரச் சொல்லி, அவர் முன்னாலேயே வாசிக்க வைத்தார். மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பையன் தன் பெயரைத் தவிர ஒன்றும் வாசிக்கத் தெரியாதவன் என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்திருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வச்சுக்கிடும்" என்று எழுந்து போனார். அடுத்த ஜூனிலிருந்து அந்தப் பையன் மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்தான். தீபாவளிக்கு வாசித்துவிட்டான். இன்று உரக்கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் கையில் இருக்கிற பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நிற்பார்.

வேலை போகாது என்ற தைரியத்தில் வாத்தியார்கள் பாடம் நடத்துவதில்லை, நிரந்தர வேலைதான் கல்வியைக் கெடுத்தது என்று பேசுகிறவர்களை நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். என் கண்ணால் நான் முதலில் கண்டது வேறு. வேலை போகாது என்ற தைரியம் வந்த பிறகுதான் எங்கள் அப்பா ஒரு பிள்ளையைப் பற்றிய உண்மையை அவன் வீட்டாரிடம் வாய்விட்டுச் சொன்னார்.

அந்தக் காலத்தைத் தங்கமாக்கவும் நான் தயாராக இல்லை. என்னோடு படித்த ஒரு பெண், பேப்பரில் தேறாமல் அப்பாவாலேயே ஐந்தாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவள். மேனேஜர் வீட்டுப் பையனுக்குத் திண்ணையும் விளக்கும் கிடைத்தன. இவளுக்கு வீட்டில் பீடி முறம் கிடைத்தது. பத்து வயதில் இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டப் பழகிவிட்டாள். பள்ளிக்குத் திரும்பவே இல்லை. நம் பக்கத்தில் பெயிலான பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்தது. ஆகவே, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவில் சொன்னபோது, எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. நல்லது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பிள்ளையை நிறுத்தாதே என்று சட்டம் சொன்னது. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாததை மறை என்று அது சொல்லவில்லை. மறைக்கிற வேலையை நாங்கள்தான் செய்தோம்.

நான் 1986இல் இடைநிலை ஆசிரியையாக அரசுப் பணியில் சேர்ந்தேன். பஞ்சாயத்து யூனியன் பள்ளி. அந்த ஆசிரியர்கள் ஐந்து வருடம் முன்புதான் முழு அரசு ஊழியர்களாக ஆகியிருந்தார்கள். அப்பா என்னைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். எனக்குச் சம்பளம் கையெழுத்துப் போட்ட தொகையே கைக்கு வந்தது. முதல் மாதம் அதை அப்பாவிடம் கொடுத்தபோது இரண்டு தடவை எண்ணினார். சந்தேகத்தில் எண்ணவில்லை.

அங்கே என்னோடு ஒருவர் வேலை பார்த்தார். பத்தரைக்கு வருவார். சட்டைப் பையில் சீட்டு நோட்டு. காலையில் வட்டி வசூல், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் தூக்கம். ஆண்டாய்வுக்கு உதவிக் கல்வி அலுவலர் வரும் வாரம் மட்டும் பாடக்குறிப்பு எழுதுவார். அதையும் நான்காம் வகுப்பில் கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளையை வைத்து எழுத வைப்பார். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்களோ. அப்பாவுக்குத் தைரியம் கொடுத்ததைப் போன்ற பணிப் பாதுகாப்பு இவருக்கு மெத்தையானது. நாங்கள், சக ஆசிரியர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் சங்கம் பேசவில்லை. சம்பளம், பென்ஷன், இடமாறுதல் பற்றி எத்தனையோ கோரிக்கைகள் அச்சடித்தோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்பது எந்த நோட்டீஸிலும் ஒரு வரியாகக்கூட வரவில்லை. கேட்டவை எல்லாம் நியாயமான கோரிக்கைகளே. கேட்காமல் விட்டதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனது ஆறவில்லை.

அதற்குப் பதில் 2003இல் கிடைத்தது. ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொன்னது. தெருவில் எங்களுக்காக அழுதவர்கள் குறைவு. "கை நிறைய வாங்கிக்கிட்டு சும்மாதானே இருந்தீக" என்று நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் அம்மாவே சொன்னாள். அந்தச் சீட்டு நோட்டுக்காரர்தான் அவள் மனத்தில் இருந்தார். அதே காலத்தில்தான் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்குப் பழைய பென்ஷன் போயிற்று. தொகுப்பூதியம் என்ற பெயரில் மாதம் மூவாயிரம், நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு என்று கொடுத்தார்கள். 2006 ஜூனில்தான் அவர்கள் முழுச் சம்பளத்துக்கு வந்தார்கள்.

பதவி உயர்வில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஆன பிறகு என் நாள் காலையில் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் தொடங்கும். வருகைப் பதிவு, சைக்கிள் எத்தனை, காலணி எத்தனை, பஸ் பாஸ் எத்தனை, ஜாதிச் சான்று ஏற்றியாயிற்றா, ஆதார் ஏற்றியாயிற்றா. சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் போய் நின்று பதிவேற்றும் ஆசிரியர்களை நானே வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருக்கிறேன். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். தேர்தலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பேரிடர் நிவாரணமும் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. படித்துப் பார்க்கத்தான் நேரமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ரிசல்ட். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்குத் தனியாகக் கூட்டம் போடுவார்கள். பெயர் சொல்லி எழுப்பி நிறுத்துவார்கள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி முந்நூறு பேர் நடுவில் எழுந்து நின்று, "அடுத்த வருசம் கூட்டிருறேன் சார்" என்று சொன்னதை நான் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டேன். '17 பி போட்ருவேன்' என்ற ஒழுங்கு நடவடிக்கை மிரட்டல் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். அந்தக் கூட்டங்களில் ஒரு நாளாவது 'உங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியுமா' என்று யாரும் கேட்டதில்லை.

2016 ஜூனில் ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். மதிப்பெண் அட்டையில் தமிழ் 62. அலுவலக மேஜையில் அன்றைய பேப்பர் கிடந்தது. அப்பாவின் பழக்கம், கை தானாகவே போயிற்று. ஒரு தலைப்பில் விரலை வைத்து, வாசிப்பா என்றேன். படத்தைப் பார்த்துவிட்டு, "கிரிக்கெட்டு டீச்சர்" என்றான். எழுத்தை வாசி என்றேன். நெற்றியில் வேர்த்தது. முதல் எழுத்து 'இ' என்றான். இரண்டாவது எழுத்து 'ந்'. அதில் நின்றுவிட்டான். 'இந்தியா' என்ற சொல் அது. அவன் தோளைத் தொட்டு உட்காரச் சொல்லி, எட்டு வருடமும் எப்படிப்பா சமாளித்தாய் என்று கேட்டேன்.

"யாரும் இப்படித் தனியா வாசிக்கச் சொல்லல டீச்சர்."

எட்டு வருடத்தில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள். எல்லோரும் டிப்ளமோ, பி.எட். படித்தவர்கள். பதிவேடுகள் எல்லாம் முழுமையாக இருந்தன. ஒருவர்கூட அவனைத் தனியாக நிறுத்தி ஒரு வரி கேட்கவில்லை. அவன் முட்டாள் இல்லை. மளிகைக் கடையில் மனக்கணக்காகப் பில் போடுகிற பையன்.

அவனுக்கு மதிய உணவு இடைவேளையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் நானும் மற்றவர்களைப் போலத்தான் நடந்துகொண்டேன். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயர் ஏறியது. கணக்கில் வடிவியல் 10, வரைபடம் 10, இருபது கைக்குள். புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்களை விடையின் எழுத்தோடு மனப்பாடம் பண்ண வைத்தால் முப்பத்தைந்து வந்துவிடும். சமூக அறிவியலில் மேப்பும் காலக்கோடும். வாசிப்புக்கு ஒதுக்கிய மதிய நேரத்தை நான் எடுத்து வரைபடத்துக்குக் கொடுத்தேன். 2018இல் அவன் தேறினான். எங்கள் பள்ளி நூறு சதவீதம். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்த வருடமே நான் ஓய்வு பெற்றேன். பேப்பரின் தலைப்புகளை அவன் அப்போது வாசிப்பான். செய்தியை வாசிக்க மாட்டான். இன்னும் ஒரு வருடம் மதிய நேரம் இருந்திருந்தால் வாசித்திருப்பான். இதை யாரிடமும் இவ்வளவு நாள் சொன்னதில்லை.

2019இல் மாநிலத்தின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 95 சதவீதத்தைத் தாண்டியது. கொரோனா முடிந்து 2022இல் எடுத்த ஏசர் கல்வி ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் அடி அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், நடுவில் எங்கோ ஒன்றைச் சொல்லாமல் வந்திருக்கிறோம் என்று எந்தப் பெற்றோருக்கும் விளங்கும்.

என் மகளும் ஆசிரியைதான். ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற ஒன்று எங்கள் காலத்தில் கிடையாது. 2012 ஜூலையில் முதல் தேர்வு நடந்தபோது ஆறரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி 2,448 பேர் தேறினார்கள். அவள் 2013இல் தேறினாள். வேலை வந்துவிடும் என்று வீட்டில் பாயசம் வைத்தோம். பிறகு வெயிட்டேஜ் என்றார்கள். பத்து வருடம் முன்பு வாங்கிய பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். 2018இல் அரசாணை 149 வந்தது; தகுதித் தேர்வில் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. இப்போது 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இருபது வருடம் நன்றாகப் பாடம் நடத்திய என் பழைய சக ஆசிரியை பஸ்ஸில் கைடு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள். தேர்வில் தேறியவர்கள் வேலையின்றி வெளியே இருக்கிறார்கள். வேலையில் இருப்பவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். இருவரில் யார் வகுப்பில் பிள்ளையை வாசிக்க வைக்கிறார்கள் என்பதை எந்த வினாத்தாள் காட்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நடுவில் என் மகள் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழு வருடம் வேலை பார்த்தாள். சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள். ஏடிஎம் கார்டு அலுவலக அறையில் இருக்கும். ஒரு தொகை ஏறும். அதில் ஒரு பங்கு திரும்பிப் போகும். இதை அவள் முதலில் சொன்னபோது எனக்கு எங்கள் அப்பாவின் ஸ்டாம்பும் கையெழுத்தும்தான் கண்ணில் வந்தன. ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு மதிப்பெண் குறைத்துப் போட்டதற்காகக் கட்டணம் கட்டும் அப்பா வந்து சத்தம் போட்டார். மறுநாள் மதிப்பெண் அட்டையைத் திருத்தித் தரச் சொன்னார்கள். அவள் திருத்திக் கொடுத்தாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

கொரோனாவில் அந்த வேலை போயிற்று. 2022 ஜூலையில் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். நிரந்தர ஆசிரியர் வரும்வரை, அல்லது கல்வியாண்டு முடியும்வரை. அவளுக்கு ஆறாம் வகுப்புத் தமிழ் கிடைத்தது. முதல் வாரமே, "அம்மா, உன் பேப்பர் பரீட்சையை வச்சேன். முப்பத்தி நாலு பேருல பதினோரு பேரு வாசிக்கல" என்று போனில் சொன்னாள். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தப் பதினோரு பேரையும் காலை எட்டரைக்கு வரச் சொன்னாள். தாத்தாவைப் போலவே பேப்பர்தான். ஆனால் தலைப்பு, படத்துக்குக் கீழே உள்ள வரி, கடை விளம்பரம், பிறகு செய்தி என்று ஏணிப்படியாக வைத்துக்கொண்டாள். நவம்பரில் நான்கு பேர் வாசித்தார்கள். பிப்ரவரியில் இன்னும் மூன்று பேர். ஒரு பெண், அம்மா பீடி சுற்றுகிறவள், தன் வீட்டுக்கு வந்த கரண்ட் பில்லை வாசித்துக் காட்டினாளாம்.

2023 ஏப்ரல் கடைசி வேலை நாளன்று மாலை அவளை அழைத்துவர நான் அந்தப் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் யாரும் இல்லை. பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துக்கு ஒரு பிள்ளை, மொத்தம் நான்கு பக்கம். இன்னும் வாசிக்காத நான்கு பேர். ஒருவனுக்கு 'ண', 'ன', 'ந' குழப்பம். ஒருத்திக்கு ஒற்றெழுத்து வந்தால் நின்றுவிடுவாள். ஒருவனுக்குக் கண்ணாடி தேவை, அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று, மறுபடி சொல்லவும். கடைசிப் பிள்ளையைப் பற்றி 'இவன் நன்றாகக் கதை சொல்வான், சொல்ல விட்டு அதையே எழுதிக் கொடுத்தால் வாசிப்பான்' என்று எழுதியிருந்தாள்.

ஜூனில் அந்த வகுப்புக்கு யார் வருவார்கள் என்று அவளுக்கும் தெரியாது, தலைமையாசிரியருக்கும் தெரியாது. நோட்டின் அட்டையில் தன் பெயரை எழுதவில்லை. 'அடுத்து வரும் ஆசிரியருக்கு' என்று எழுதி, வருகைப் பதிவேட்டுக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, பீரோவைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.